வெள்ளையை வெள்ளையாகக் காட்டிய வரலாறு



பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில், நண்பகல் வெயிலில், ஒருவர் வெள்ளை வேட்டி கட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதே வேட்டியோடு அவர் செம்பனை மரங்களுக்கு அடியில் நடந்து வருகிறார். மாலையில் தோட்டத்துக் கோயிலில் குத்துவிளக்கின் அருகே அமர்கிறார். மூன்று இடத்திலும் வேட்டி வெள்ளைதான் என்று நாம் அடித்துச் சொல்வோம். ஆனால் வேட்டியின் மேல் படும் ஒளி மூன்று இடத்திலும் வெவ்வேறு. வெயிலில் எல்லா நிறங்களும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. செம்பனை ஓலைகளின் ஊடே இறங்கும் ஒளியில் பச்சை மிகுதி. விளக்கொளியில் நீலம் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை நம் கண்ணும் மூளையும் சேர்ந்து நாம் அறியாமலே சரிக்கட்டி விடுகின்றன. வீடியோ கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. “இந்த ஒளியில் இதுதான் வெள்ளை” என்று அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். இந்தச் செயலைத் தொழில் செய்வோர் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்பார்கள். நாம் வெண்மைச் சமன் எனலாம். அது எப்படி வந்தது என்பதை இன்று காண்போம்.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் செக்கச் சிவந்து, பின் மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பொருளானாலும் ஒரே வெப்பத்தில்தான் சிவக்கத் தொடங்குகிறது என்பதை, புகழ்பெற்ற மட்பாண்டக் குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயர் 1792-இல் எடுத்துரைத்தார். 1848-இல் வில்லியம் தாம்சன் ஒரு வெப்ப அளவையை வகுத்தார். பிற்காலத்தில் அவர் கெல்வின் பிரபு ஆனதால் அந்த அளவைக்கும் கெல்வின் என்றே பெயர். ஒளியின் நிறத்தை இந்த அளவையால்தான் குறிக்கிறார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900 கெல்வின். படப்பிடிப்புக் கூடத்து மின்விளக்கு 3,200. பகல் வெளிச்சம் சுமார் 5,600. வெயில் படாத நிழல் அதற்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலமாகும். நீலத்தைக் குளிர்ந்த நிறம் என்று ஓவியர்கள் சொல்வதற்கு இது நேர் எதிர்தான். என்ன செய்வது, உலையின் கணக்கு வேறு, ஓவியரின் பேச்சு வேறு.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படத்தை வெளியிட்ட காலத்தில் எல்லாம் படச்சுருள்தான். ஒரு சுருள் எந்த ஒளிக்கு உரியது என்பது அதன் இரசாயனத்திலேயே முடிவாகிவிடும். விளக்கொளிக்குச் செய்த சுருளை வெயிலில் பயன்படுத்தினால் படம் நீலம் பாரிக்கும். அதைத் தடுக்க லென்சின் முன் ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினார்கள்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. அது கறுப்பு வெள்ளைக் காலம். இந்தக் கவலையே எழவில்லை. தீபகற்ப மலேசியாவுக்கு வண்ண ஒளிபரப்பு 1978-இலும், இந்தியாவுக்கு 1982-இலும் வந்தது. வண்ணக் கேமராவின் உள்ளே ஒரு பட்டகம் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கிறது. அன்று மூன்று குழாய்கள் அவற்றை ஏற்றன. பிறகு குழாய்களின் இடத்தில் சில்லுகள் வந்தன. வெள்ளைத் தாளைக் காட்டினால் மூன்றும் சமமான மின்குறி தர வேண்டும். விளக்கொளியில் சிவப்பு ஓங்கும், நீலம் தாழும். ஆகவே பச்சையை அப்படியே விட்டு, சிவப்பைத் தணித்து நீலத்தை உயர்த்துகிறார்கள். தராசுத் தட்டைச் சரிசெய்வது போலத்தான்.

நிலையத்துக்குள் இதைத் தனியறையில் அமர்ந்த தொழில்நுட்பர் கவனித்துக்கொண்டார். 1970களில் செய்தி எடுப்போர் கேமராவைத் தோளில் சுமந்து வெளியே கிளம்பியபோது உடன் எந்தத் தொழில்நுட்பரும் இல்லை. கேமராவே தன்னைச் சரிசெய்துகொள்ள ஒரு விசை தேவைப்பட்டது. 1982-இல் சோனியின் பீட்டாகேம் வந்த பிறகு அந்த வேலைமுறை உலகெங்கும் பரவிற்று.

செய்முறை எளிது. முதலில் வடிகண்ணாடிச் சக்கரத்தை விளக்குக்கா, வெயிலுக்கா என்று பார்த்துத் திருப்ப வேண்டும். பிறகு, படம் எடுக்கப்படுபவர் முகத்தில் எந்த ஒளி விழுகிறதோ அதே ஒளியில் வெள்ளைத் தாளைப் பிடித்து, அது கண்கூசாத அளவில் படச்சட்டத்தை நிறைக்கும்படி வைத்து, விசையைத் தள்ள வேண்டும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் மறுபடியும் செய்ய வேண்டும். அதற்காகவே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு நினைவுகள் வைத்தார்கள்.

தாள் கிடைக்கவில்லையென்று மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டுவோரும் உண்டு. நீலம் போட்டு வெளுத்த வேட்டியாயின் வந்தது வினை! கேமரா அந்த நீலத்தையே வெள்ளையென்று நம்பி, படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். மணப்பெண்ணின் முகத்து மஞ்சளோ இரட்டிப்பாகும். இன்று கணினியில் ஓரளவு திருத்தலாம். அன்று நாடாவில் பதிந்தது பதிந்ததுதான். தாத்தா பாட்டி நடமாடும் ஒரே படம் பல குடும்பங்களுக்கு அந்தத் திருமண நாடாவாகவே இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தீபாராதனையின்போது விளக்கொளிக்கென்று புதிதாகச் சமன் செய்வது நமக்கு உடன்பாடில்லை. தீபத்தின் பொன்னிறம் போய்ச் சந்நிதி அலுவலகம் போல் தெரியும்.

வெள்ளை சரியாகிவிட்டால் முகமும் சரியாகிவிடுமா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோடக் நிறுவனத்தார் வண்ணப் படங்களைச் சரிபார்க்க, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படமுள்ள அட்டையை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் முகம் நன்றாக வந்தால் எல்லாம் நன்று என்பது கணக்கு. கறுத்த தோலின் நுண்ணிய வேறுபாடுகளை அந்தச் சுருள்கள் நன்கு பிரித்துக் காட்டவில்லை; கறுத்த பிள்ளையும் வெளுத்த பிள்ளையும் சேர்ந்து நின்றால் கறுத்த முகம் நிழலாகவே போயிற்று. இதை ஆராய்ந்தவர் கனடாவின் லோர்னா ராத் என்ற பேராசிரியை. மரத்தளவாடம், சாக்லேட் ஆகியவற்றை விளம்பரம் செய்தோர் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லையென்று முறையிட்டதுதான் மாற்றத்துக்கு ஒரு தூண்டுகோலாய் இருந்தது என்பதை, அந்நிறுவனத்தில் பணியாற்றியவர் வாயிலாகவே அவர் அறிந்து 2009-இல் எழுதினார். மரத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்கு முதலில் கிடைக்கவில்லை! பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது.

இன்று கைபேசி தானாகவே சமன் செய்கிறது. ஆனால் அது ஊகம்தான். சுற்றிலும் செம்பனைப் பச்சையே நிறைந்திருந்தால், அதைத் தணிக்க எதிர்நிறமான ஊதாச்சிவப்பைக் கூட்டி, குலை வெட்டும் தொழிலாளியின் முகத்தை நிறம் மாற்றிவிடுவதும் உண்டு. தொழில்முறை வீடியோ கேமராக்கள் பலவற்றில் அந்தச் சிறு விசை, லென்சுக்குக் கீழே முன்புறத்தில், இன்றும் இருக்கிறது.