ஒரு சின்ன ஊர், ஒரு டாக்டர், ஒரு வரித் தகவல்

1/ கூகுள் மேப்பைத் திறந்து அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துக்குப் போங்க. தென்மேற்கு மூலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை நிலம். கோதுமை, சோளம், மாட்டுப் பண்ணை. அதுக்கு நடுவுல சப்லெட் என்று ஒரு ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,413. நம்ம பக்கம் பெரிய கல்யாணம் ஒண்ணுக்கு வர்ற கூட்டம், அவ்வளவுதான்.

2/ ஆனா இது ஒரு தலைநகரம்! ஹாஸ்கல் கவுண்டியின் தலைநகரம். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம தாலுகா மாதிரி. கோர்ட், பத்திரப் பதிவு, வரி ஆபீஸ், ஷெரிஃப் எல்லாம் எந்த ஊரில் இருக்கோ அதுதான் கவுண்டி தலைநகரம். இந்தச் சமவெளியில் ஒரு ஊர் பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இரண்டே விஷயத்தில் இருந்தது. ஒன்று, கோர்ட் கட்டடம். இன்னொன்று, ரயில்.

3/ அதுக்கு இந்தக் கவுண்டியே சாட்சி. முதலில் இங்கே தலைநகரமாக இருந்த ஊர் சப்லெட் இல்லை. சான்டா ஃபே என்ற வேறொரு ஊர். 1912 வாக்கில் ரயில் பாதை வந்தது. போட்டது சான்டா ஃபே ரயில்வே கம்பெனி. ஆனா அந்தப் பாதை சான்டா ஃபே ஊருக்குள் வரவில்லை, சில மைல் தள்ளிப் போய்விட்டது. பேர் ஒண்ணா இருந்து என்ன பிரயோஜனம்?

4/ ரயில் பாதையை ஒட்டி சப்லெட், சடான்டா என்று புது ஊர்கள் முளைத்தன. கடைகளும் வீடுகளும் ஒவ்வொன்றாக அங்கே நகர்ந்தன. 1920ல் தலைநகர அந்தஸ்தும் சப்லெட்டுக்குப் போனது. சான்டா ஃபே வரைபடத்திலிருந்தே மறைந்தது.

5/ சரி, ஒரு டாக்டர் ஏன் இந்த ஊர்க்கதையைச் சொல்றேன்? அந்த ஊர் செத்துக்கொண்டிருந்த வருஷங்களில், 1918ன் தொடக்கத்தில், இந்தக் கவுண்டியில் நடந்த ஒரு விஷயத்துக்காக.

6/ அப்போது கவுண்டி முழுக்க சேர்த்து சுமார் 1,700 பேர். பரப்பு கிட்டத்தட்ட 1,500 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள்! புல்தரையை வேரோடு வெட்டி எடுத்த மண்கட்டியால் கட்டிய வீடுகள் இன்னும் இருந்த காலம். இவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் லோரிங் மைனர். கிரேக்க மொழியில் பழைய நூல்களைப் படிக்கிற ரகம். கிராமத்து டாக்டர்தானே என்று நினைச்சுடாதீங்க. ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் தானே பரிசோதித்துப் பார்க்கிற ஆள்.

7/ அந்தக் குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அறிகுறி எல்லாம் ஃப்ளூதான். ஆனா வழக்கமான ஃப்ளூ குழந்தைகளையும் வயசானவர்களையும்தானே சாய்க்கும்? இது திடகாத்திரமான இளவயதுக்காரர்களைச் சாய்த்தது. பலருக்கு நிமோனியாவில் போய் முடிந்தது. மைனருக்கு இது வேற மாதிரி என்று உடனே உறைத்தது.

8/ ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே 1933ல்தான். அதாவது மைனர் கையில் டெஸ்ட் கிடையாது, மருந்து கிடையாது, எதிரியின் பேர்கூடத் தெரியாது. இருந்தது கண்ணும் அனுபவமும் மட்டும்.

9/ ஃப்ளூவைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும் என்ற விதியும் அப்போது இல்லை. ஆனாலும் அவர் தெரிவித்தார். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வாராவாரம் வெளியிட்ட அறிக்கையில், 1918 ஏப்ரல் தொடக்கத்தில் அது அச்சானது. ஹாஸ்கலில் கடுமையான வகை இன்ஃப்ளூயன்சா, 18 பேருக்கு நோய், 3 மரணம். அவ்வளவுதான். மொத்தமே ஒரு வரி.

10/ அந்த வரி வெளிவரும்போது அந்தக் கவுண்டியில் நோய் அடங்கிவிட்டது. சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகள். பரவ ஆள் இல்லாமல் கிருமி அங்கேயே அணைந்துபோயிருக்கலாம். ஆனா அது சாதாரண வருஷம் இல்லை. முதல் உலகப் போர் நடக்குது, அமெரிக்காவும் 1917 ஏப்ரலில் உள்ளே இறங்கிவிட்டது. கவுண்டிப் பையன்கள் அதே மாநிலத்தில் சுமார் 480 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபன்ஸ்டன் ராணுவ முகாமுக்குப் பயிற்சிக்குப் போனார்கள், லீவில் வீட்டுக்கு வந்தார்கள், திரும்பப் போனார்கள். முகாமில் 50,000க்கு மேற்பட்ட வீரர்கள் நெருக்கியடித்துத் தூங்கினார்கள்.

11/ 1918 மார்ச் 4 அன்று அந்த முகாமில் ஃப்ளூ பதிவாகிறது. மூன்றே வாரத்தில் 1,100க்கு மேற்பட்டோர் மருத்துவமனையில். அங்கிருந்து மற்ற முகாம்களுக்கு ரயில், ஐரோப்பாவுக்குக் கப்பல்.

12/ வரலாற்று ஆசிரியர் ஜான் பாரி 2004ல் வெளியான தன் புத்தகத்தில், 1918 பெருந்தொற்று இந்த ஹாஸ்கலில்தான் தொடங்கியிருக்கும் என்று வாதிட்டார். அவருக்குத் துப்பு கொடுத்ததில் ஒன்று உள்ளூர்ப் பத்திரிகை. யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார், யார் பையன் முகாமிலிருந்து வந்திருக்கிறான் என்ற ஊர்ச் செய்திகள் அதில் வந்துகொண்டிருந்தன.

13/ இது நிரூபணம் இல்லை, இதையும் சொல்லிடணும். பிரான்ஸின் எட்டாப்ளே ராணுவ முகாம்தான் தொடக்கம் என்பவர்கள் உண்டு. வட சீனா என்பவர்களும் உண்டு. அதனால ஹாஸ்கல்காரங்க உலகத்துக்கு நோயைக் கொடுத்தாங்கன்னு தயவுசெய்து பார்வர்ட் பண்ணாதீங்க. ஸ்பெயினில் தொடங்காத நோய்க்கு 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பேர் வச்ச தப்பே நமக்குப் போதும்.

14/ அந்தத் தொற்று 1918 ஜூனில் பம்பாய்க்கு வந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாம் அலை நாட்டையே புரட்டிப்போட்டது. உலக அளவில் சுமார் 5 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் ஒன்றே கால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை சொல்கிறார்கள். 1911க்கும் 1921க்கும் இடையில் நம் மக்கள்தொகை கூடவில்லை, குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றிலேயே அப்படி நடந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான்.

15/ மைனரின் ஒரு வரியை யாராவது கவனித்திருந்தால் இதெல்லாம் நின்றிருக்குமா? போர் வெறியில் இருந்த அந்த உலகத்தில் சந்தேகம்தான். ஆனா அவர் வேலை நிறுத்துவது இல்லை, சொல்வது. அதை அவர் செய்தார். சொன்னதைக் கேட்க அந்தப் பக்கம் ஒரு அமைப்பு இல்லாமல் போச்சு.

16/ இன்னிக்கு நமக்கு அந்த அமைப்பு இருக்கு. 2004ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலிருந்தே எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுப்போக்கு என்று மேலே கணக்கு போகுது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த நாட்களில் அந்தப் படிவத்தை நிரப்பும்போது எனக்கும் அலுப்பு வந்திருக்கு. இதை யாரு படிக்கப் போறாங்க என்று முணுமுணுத்திருக்கேன். மைனரைப் பற்றிப் படித்த பிறகு அப்படி முணுமுணுக்க வாய் வரவில்லை.

17/ உங்களுக்கும் இதுல வேலை இருக்கு. உங்க தெருவில் ஒரே வாரத்தில் நாலு வீட்டில் ஒரே மாதிரி காய்ச்சல் வந்தால், 'சீசன்தான்' என்று விட்டுடாதீங்க. கிராம சுகாதார செவிலியரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு வார்த்தை சொல்லுங்க. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை அது ஒண்ணுமில்லாமல் போகும். போகட்டும், நல்லதுதானே. மிச்சம் இருக்கிற அந்த ஒரு தடவைக்காகத்தான் இவ்வளவும்.