64 வயதில் ஒரு புது மரம்

1831 பிப்ரவரி 18. 'தாமஸ் லாரி' என்ற கப்பல் லான்செஸ்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த ஜான் குளோவருக்கு அன்றுதான் 64-வது பிறந்தநாள். பருத்த உடம்பு, வளைந்த பாதங்கள், கூடவே மனைவி சாரா. அந்தத் துறைமுகம் இருக்கும் தீவை இன்று டாஸ்மேனியா என்கிறோம். அன்று அதற்கு வான் டீமன்ஸ் லாண்ட் என்று பெயர். பிரிட்டன் தன் கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம்.

பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்கார வேண்டிய வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை? சோற்றுக்கு வழியில்லாமல் கிளம்பிய ஆள் இல்லை. லெஸ்டர்ஷயரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்து, பிறகு லண்டனில் நீர்வண்ண ஓவியர் சங்கத்துக்கே தலைவரானவர். 1814-ல் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயியிடம் தங்கப் பதக்கம் வாங்கியவர். பழைய மேதை குளோட் லொரெய்னோடு சேர்த்து ரசிகர்கள் அவரைப் பேசினார்கள். சக ஓவியர் கான்ஸ்டபிளுக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகாது. ஆனால், பிள்ளைகள் சிலர் முன்னதாகவே தீவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கே நிலம் கிடைத்தது. லண்டனிலோ அவர் பாணி பழசாகிக்கொண்டிருந்தது.

அந்தப் பாணியின் ரகசியம் ஒரு தூரிகையில் இருந்தது. தூரிகையின் மயிரைப் பல கூறுகளாகப் பிரித்து வைத்துக்கொள்வார். ஒரு முறை ஒற்றினால் ஒரே நேரத்தில் பல சிறு கீற்றுகள் விழும். ஓக், எல்ம் போன்ற இங்கிலாந்து மரங்களின் அடர்ந்த இலைக் குவியலுக்கு அது கனகச்சிதம். மாணவர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்துக் காசு பார்த்தார்.

தீவில் எதிரே நின்றதோ யூகலிப்டஸ். நம் ஊட்டியில் தைல மரம் என்று சொல்கிறோமே, அந்த நீல யூகலிப்டஸுக்குப் பூர்வீகம் இதே டாஸ்மேனியாதான். அதன் இலைகள் குடைபோல் கவிந்து நிற்காது, செங்குத்தாகத் தொங்கும். கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக இருக்கும். நடுவில் வானம் தெரியும். ஓக் மரத்துக்குப் பழகிய கை இங்கே செல்லாது.

பல ஐரோப்பிய ஓவியர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டார்கள். தைல மரத்தையும் ஓக் மரமாகவே வரைந்து வைத்தார்கள். குளோவர் நின்று பார்த்தார். இந்த ஊரில் எத்தனை மரம் இருந்தாலும் அவற்றினூடே தூரத்து நிலம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்று தன் கண்காட்சிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார். அவருடைய டாஸ்மேனியப் படங்களில் மரங்கள் பாம்புபோல் வளைந்து நெளிந்து மேலே போகின்றன. அவற்றின் இடைவெளியில் மஞ்சள் பாய்ந்த புல்வெளியும் நீல மலையும் தெரிகின்றன. நெளிவைச் சற்று அதிகமாகவே போட்டுவிட்டார் என்று சொல்லலாம். வெளிச்சத்தில் அவர் பிசகவில்லை. எண்ணெய் வண்ணத்தையும் நீர்வண்ணம்போல மெல்லிசாகப் பூசியதால் அந்த வறண்ட ஒளி அப்படியே துணியில் இறங்கியது.

1832-ல் பென் லோமண்ட் மலைக்குப் பக்கத்தில், மில்ஸ் பிளெயின்ஸ் என்ற இடத்தில் அரசு கொடுத்த 2,560 ஏக்கரில் குடியேறினார். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் தனக்குப் பிடித்த ஊரின் பெயரையே பண்ணைக்கும் வைத்தார்: பேட்டர்டேல். 1835-ல் வரைந்த வீட்டுப் படம் இப்போது அடிலெய்டில் இருக்கிறது. கல் வீடு, பக்கத்தில் ஓவியக்கூடம், முன்னால் வரிசை வரிசையாக ஐரோப்பியப் பூச்செடிகள். வேலியைத் தாண்டினால் தைலமரக் காடு. ஒரே சட்டத்துக்குள் இரண்டு நாடுகள்! அதே ஆண்டு மார்ச் 19-ல், அறுவடை முடிந்த அன்றே, 'என் அறுவடைத் திருநாள்' படத்தைத் தொடங்கினார். மார்ச்சில் அறுவடை என்றால் லண்டன்காரனுக்குத் தலை சுற்றியிருக்கும். அந்தப் பொன்னிற வெயிலில் கதிர்களை வண்டியில் ஏற்றும் கூலியாட்கள், பண்ணைக்கு ஒதுக்கப்பட்ட கைதிகள். அந்த 1835-லேயே 68 படங்களை லண்டன் நியூ பாண்ட் தெருவில் காட்சிக்கு வைக்க அனுப்பினார்.

இனிதான் சங்கடமான பகுதி.

குளோவரின் பல படங்களில் தீவின் பூர்வகுடிகள் ஆற்றில் குளிக்கிறார்கள், நெருப்பைச் சுற்றி ஆடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது ஏதோ சொர்க்கம். ஆனால், அவர் வந்து இறங்கியபோது குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த கொடிய போர் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பிழைத்தவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். பண்ணை இருந்த மண்ணில் அவர்கள் ஆடுவதாக அவர் வரைந்தது, அந்த மண் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட பிறகு. 1837-ல் வரைந்த 'டயானாவின் நீராடல்' படத்திலோ ரோமானியக் கதையையே டாஸ்மேனிய ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, பூர்வகுடிகளை அதில் பாத்திரங்களாக்கிவிட்டார்.

அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வைக்க முடியாது. பிற்பாடு மெல்போர்ன் நகரம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ஜான் பேட்மன், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர். பூர்வகுடிகளை வேட்டையாடும் குழுக்களை நடத்தியவர். அவர் பெயரில் குளோவர் வரைந்த மலைப் படம் ஒன்று உண்டு. பூர்வகுடிகளைப் பிடிக்க பேட்மன் அடிக்கடி வந்து காத்திருந்த இடம் இது என்று குளோவரே தன் கையால் அதில் குறித்திருக்கிறார். மரத்தை உள்ளபடி பார்த்த கண், மனிதர்கள் விஷயத்தில் தனக்கு வசதியானதையே வரைந்தது. என் தீர்ப்பு இதுதான்.

1847-ல் ஃபிளிண்டர்ஸ் தீவிலிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டபோது எஞ்சியிருந்த பூர்வகுடிகள் 47 பேர். இரண்டு ஆண்டு கழித்து, 1849 டிசம்பர் 9-ல், 82 வயதில் குளோவர் இறந்தார். பண்ணைக்கு அருகில் டெடிங்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். 2004 முதல் டாஸ்மேனிய நிலக்காட்சி ஓவியத்துக்கு அவர் பெயரில் ஒரு பரிசு கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம்: தங்கம் தோண்ட பாலரட்டுக்குப் போய், மறுபடியும் தூரிகைக்கே திரும்பிய வியன்னாக்காரர் யூஜின் வான் கெராட்.