நுண்ணலை உணரிகளால் இரத்தச் சர்க்கரை அளத்தல்

தோலைக் குத்தாமல், இரத்தத் துளி எடுக்காமல், உடலுக்குள் மெல்லிய நுண்ணலைகளைச் செலுத்தி, அவற்றில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு குளுக்கோஸின் அளவைக் கணிக்க முயலும் முறை இது. 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள மின்காந்த அலைகள் நுண்ணலைகள் எனப்படும். கைப்பேசியும் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இந்த எல்லைக்குள்தான் இயங்குகின்றன. இம்முறை பற்றிய ஆய்வு பல நாடுகளில் நடந்துவருகிறது. ஆனால் மருத்துவர் நம்பி இன்சுலின் அளவை முடிவுசெய்யத்தக்க கருவி எதுவும் இதிலிருந்து இன்னும் பிறக்கவில்லை.

தேவை

இன்று வீடுகளில் உள்ள குளுக்கோமீட்டர்கள், லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் 1962இல் முன்வைத்த நொதி மின்முனைக் கருத்தின் வழிவந்தவை. பரிசோதனைப் பட்டையில் உள்ள நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் எழும் மின்னோட்டம் அளவாகிறது. தோலுக்கு அடியில் மெல்லிய இழையைச் செருகி ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து அளக்கும் கருவிகளுக்கும் அடிப்படை இதுதான். நொதி குளுக்கோஸைத் தேடிப் பிடிக்கிறது, பிற பொருள்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இந்தப் பண்பை நினைவில் வைத்தால்தான் நுண்ணலை முறையின் சிக்கல் விளங்கும்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர் நாளுக்குப் பலமுறை விரலில் குத்திக்கொள்ள வேண்டும். பட்டைகளின் செலவு மாதந்தோறும் சேரும். சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. வலியும் செலவும் இல்லாத ஓர் அளவுகோல் கிடைக்குமானால் அதன் பயன் எத்தகையது என்பதற்கு இந்த எண் ஒன்றே போதும்.

இயங்கும் விதம்

நீர் மூலக்கூறு மின்முனைவு கொண்டது. மாறும் மின்புலத்தில் அது திரும்பித் திரும்பி அமைகிறது. இந்தத் திறனைக் குறிக்கும் அளவு விடுதிறன். 20 டிகிரி செல்சியஸில் தூய நீரின் சார்பு விடுதிறன் சுமார் 80. நீரில் குளுக்கோஸ் கரையும்போது அது நீர் மூலக்கூறுகளின் இடத்தைப் பிடிக்கிறது. அருகில் உள்ளவற்றைத் தன்னோடு பிணைத்து அவற்றின் அசைவையும் மந்தமாக்குகிறது. விடுதிறன் சற்றுக் குறைகிறது. ஆக, உணரி நேராகக் காண்பது குளுக்கோஸை அன்று. குளுக்கோஸ் இருப்பதால் நீரின் நடத்தையில் நேரும் மாற்றத்தை.

இம்மாற்றத்தைப் பிடிக்கப் பெரும்பாலும் ஒத்ததிர்வி பயன்படுகிறது. பிளவுபட்ட வளையமாகவோ சுருளாகவோ அச்சிட்ட செப்புத் தடம் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் வலுவாக அதிரும். அதன்மேல் விரலையோ முன்கையையோ வைத்தால் அந்த அதிர்வெண் நகரும், அதிர்வின் கூர்மையும் மாறும். இவ்விரண்டையும் அளந்து குளுக்கோஸைக் கணிக்கிறார்கள். செலுத்தப்படும் ஆற்றல் மில்லிவாட் அளவினது. அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை.

எந்த அதிர்வெண் சிறந்தது என்பதில் ஒருமித்த முடிவு கிடையாது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் ஏறத்தாழ 2 செ.மீ. ஊடுருவும், ஆனால் இரத்தத்தோடு கொழுப்பு, தசை என வழியில் உள்ள அனைத்தையும் சேர்த்தே அளக்கும். 60 கிகாஹெர்ட்ஸ் அலை நுண்ணிய மாற்றத்தையும் காட்டக்கூடும், ஆனால் தோலில் அரை மில்லிமீட்டருக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். அங்கே இருப்பது பெரும்பாலும் திசுக்களுக்கு இடையிலுள்ள திரவம். அதன் சர்க்கரை அளவு இரத்த அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும்.

குறிப்பிடத்தக்க ஆய்வுகள்

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ராண்டல் ஜீன் குழு கட்டைவிரலை வைத்து அழுத்தும் சுருள்வடிவ உணரியை 2008இல் விவரித்தது. வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போர்ச், ஹியூங்ஜே சோய் ஆகியோர் இரண்டு வளையங்களை அமைத்தார்கள்: ஒன்று அளக்க, மற்றொன்று வெப்பநிலை போன்ற புற மாற்றங்களைக் கழிக்க. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷேக்கர் குழு, கையசைவை உணர்வதற்கென்று கூகுள் உருவாக்கிய 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சில்லையே குளுக்கோஸ் கரைசல்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தது. பெய்ரூட்டிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட உணரியின் தடங்கள், உடலின் இரத்தக் குழாய்கள் ஓடும் வடிவத்தையே பின்பற்றியவை. அலை எங்கே குவிய வேண்டும் என்பதை உடற்கூறிலிருந்தே கற்ற இந்த அணுகுமுறை மற்றவற்றைவிட நம்பிக்கை தருவது.

அளப்பது குளுக்கோஸைத்தானா?

இத்துறையின் மையக் கேள்வி இதுதான். விளம்பரங்கள் இதைத் தொடுவதே இல்லை. வயதுவந்த ஒருவரின் உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில், உண்ணாநிலையில் உள்ள குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம் அளவுதான். டெசிலிட்டருக்கு 100 மி.கி. கூடினாலும் நீரின் விடுதிறனில் நேரும் மாற்றம், ஓர் அலகின் நூறில் சில பங்குதான். அதே நீரின் வெப்பம் 1 டிகிரி மாறினாலோ விடுதிறன் ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். வியர்வை, உப்பு, தோலுக்கு வரும் இரத்த ஓட்டம், உடலின் நீர்ச்சத்து, விரல் அழுத்தும் விசை ஆகிய ஒவ்வொன்றும் அலையை அசைக்கும். நொதியைப் போலக் குளுக்கோஸை மட்டும் தேர்ந்தெடுக்கும் திறன் நுண்ணலைக்கு இல்லை.

குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடுவையில் வைத்து அளக்கும்போது மாறுவது குளுக்கோஸ் மட்டுமே; முடிவும் அழகாக வருகிறது. பிறகு தன்னார்வலருக்குச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் அளக்கிறார்கள். அந்த நேரத்தில் சர்க்கரை ஏறி இறங்குகிறது. தோலின் வெப்பமும் மெல்ல மாறுகிறது, கருவியும் சூடாகிறது. மெதுவாக நகரும் எந்த இரண்டு வரைகோடுகளையும் பொருத்திக் காட்ட முடியும். அகச்சிவப்பு ஒளி முறையில் அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் அர்னால்ட் குழு 1998இல் இதை வெளிப்படையாக நிறுவியது: குளுக்கோஸே கலக்காத மாதிரிகளின் தரவிலிருந்தும், குளுக்கோஸை அளப்பதுபோல் தோன்றும் கணிப்பு மாதிரியை உருவாக்க முடிந்தது. இயந்திரக் கற்றல் பரவிய இன்று இந்த எச்சரிக்கைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஒருவரின் தரவில் பயிற்சி பெற்ற நிரலை அவர் தரவிலேயே சோதித்துப் பெறும் துல்லியம் சான்றாகாது.

நுண்ணலைக்குக் கீழ்ப்பட்ட 1–200 மெகாஹெர்ட்ஸ் அலைகளால் இயங்கிய 'பெண்ட்ரா' என்ற சுவிஸ் கைக்கடிகாரத்தின் கதை இதற்குச் சாட்சி. 2003இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றுச் சந்தைக்கு வந்தது. பின்னர் நெதர்லாந்தில் முதல் வகை நீரிழிவு உள்ள 6 பேரிடம் சோதித்தபோது, அளவுகளில் 4.3 விழுக்காடு, தாழ்சர்க்கரையை உயர்சர்க்கரை என்றோ மறுதலையாகவோ காட்டும் ஆபத்தான பகுதியில் விழுந்தது. கருவி மறைந்தது. அந்த அளவைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்பவர் மயங்கி விழலாம், உயிரும் போகலாம்.

வீட்டுக் குளுக்கோமீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரம், டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்கும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 95 விழுக்காடு ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. புதிய முறைகளையும் இந்தக் கண்டிப்போடு, நீரிழிவு உள்ள பலரிடம், பல நாள்கள், அன்றாட வாழ்க்கையிலேயே சோதிக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் வெற்றி என ஏற்க இயலாது.

தோலைக் குத்தாமல் தாமாகவே சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி அளித்ததில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு அறிவித்தது. அத்தகைய கருவி கையில் இருந்தால், அது காட்டும் எண்ணைக் கொண்டு மாத்திரையையோ இன்சுலினையோ மாற்றாதீர்கள். விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.