ஓட்டைப் பிடுங்கிய பிறகு வந்த வெற்றி

ஜெர்மனியில் ஏ.எப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 2013 தேர்தலில் எடுத்தது வெறும் 4.7 சதவீதம். பாராளுமன்றத்துக்குள்ளேயே போக முடியல. 2017இல் 12.6 சதவீதம், 2025இல் 20.8 சதவீதம். குடியேறி வந்தவங்களுக்கு எதிரான பேச்சுதான் இந்த வளர்ச்சிக்குப் பெரிய உரம். நம்மில் பலர் இதை ஐரோப்பாக்காரங்க பிரச்சினை என்று கடந்துபோறோம். ஆனா "இவங்க இந்த நாட்டு ஆட்கள் இல்ல" என்கிற அரசியல் நம்ம தோட்டங்களுக்குப் புதுசா என்ன?

1947 தேர்தலில் மலையக மக்கள் ஓட்டுப் போட்டாங்க. இலங்கை இந்தியக் காங்கிரசில் இருந்து நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, பதுளையில் எஸ். எம். சுப்பையா என்று பலர் பாராளுமன்றம் போனாங்க. வேறு தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அது உறுத்தியது.

அடுத்த வருடமே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததை, இல்லன்னா பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்கணும். லயத்தில் பிறந்தவங்ககிட்ட அதற்கான பத்திரம் எங்கே இருந்தது? 1949இல் பிரஜைகளுக்கு மட்டுமே ஓட்டு என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினாங்க. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகல.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கு. தொகுதிகளைப் பிரித்தது ஓட்டாளர் எண்ணிக்கையை வைத்து இல்லை, மொத்த சனத்தொகையை வைத்து. ஆக, ஆசனங்களைக் கூட்ட நம்ம தலையை எண்ணினாங்க. அந்த ஆசனத்துக்கு யார் வரணும் என்று கேட்கும்போது நம்மை விட்டுட்டாங்க. மலைநாட்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு இனி லயத்துப் பக்கம் வரவேண்டிய தேவையே இல்லை.

இந்த மாற்றப்பட்ட களத்தில்தான் 1956 தேர்தல் நடந்தது. 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் என்று முழங்கிய பண்டாரநாயக்கவின் கூட்டணி 95 ஆசனங்களில் 51ஐப் பிடித்தது. அதுவரை இரண்டு மொழி என்று சொல்லிவந்த ஐ.தே.க.வும் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று மாறியது. ஆனாலும் 8 ஆசனம்தான் கிடைத்தது. இனவாதத்தில் போட்டி போட்டா, அசலைத்தான் மக்கள் வாங்குவாங்க.

2004இலும் பிக்குகளை மட்டுமே வேட்பாளராக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய 9 ஆசனம் எடுத்தது. 225இல் 9 சின்ன எண்ணிக்கைதான். ஆனா 2005 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச அவங்களோட ஒப்பந்தம் போட்டார். சின்னக் கட்சி ஆட்சியைப் பிடிக்கத் தேவையில்லை, பெரிய கட்சியைத் தன் பக்கம் இழுத்தா போதும்.

ஐரோப்பாவில் இந்தக் கட்சிகள் முதலில் ஓட்டை வாங்கி, பிறகு ஆட்களை வெளியேற்றப் பார்க்குது. இங்கே முதலில் நம்மை வெளியேற்றியது மிதவாதி என்று பெயரெடுத்த கட்சி. தேசியவாத அலை அதற்குப் பிறகுதான் வந்தது. தோட்டத்து மக்கள் சார்பில் தெரிவான ஒருவர் மறுபடி பாராளுமன்றம் போக 1977 வரை ஆனது. அதனால் யார் மேடையில் கத்துறாங்க என்று மட்டும் பார்த்தா போதாது. வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் விடுபடுது என்றும் பார்க்கணும். கொழும்பில் கடையிலும் கார்மென்ட்டிலும் வேலை செய்கிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர் இந்த வருட இடாப்பில் இருக்கா? அந்தக் கேள்வியோடு கிராம உத்தியோகத்தரிடம் போவதும் அரசியல்தான்.