ஓடாமல் நின்ற தண்ணீர்

அரநாயக்க மலையில் பெய்யும் மழை, தோட்டத்துக் கான்களில் இறங்கி, றப்பர் மலைச் சரிவைத் தாண்டி மகா ஓயாவில் சேரும். மாவனெல்லை, ரம்புக்கனை, அலவ்வ, கிரியுல்ல என்று சுமார் 134 கிலோமீற்றர் ஓடிக் கொச்சிக்கடைக்கு அருகே கடலில் விழும். வெள்ளம், மண்சரிவு என்று சப்ரகமுவத் தோட்ட மக்கள் இந்த நீரின் வேகத்துக்கே பயப்படுவார்கள். ஆனால் அது மிக அதிகமானோரைப் பலிகொண்டது, ஓட முடியாமல் நின்றுபோன ஆண்டில்.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆறு அறுந்து, பாறைக் குழிகளிலும் மணற்பள்ளங்களிலும் தேங்கியது. அவை சாக்கடைக் குட்டைகள் அல்ல. அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த, வெயில் நேரே விழும் நீர். அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் நுளம்பு தேடுவது அதைத்தான். அதன் குடம்பிகள் நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தபடி மிதக்கும். வழக்கமான ஆண்டில் ஒரு நல்ல மழை அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு அடித்துச்செல்ல ஓட்டம் இல்லை.

முட்டை நுளம்பாக ஏறத்தாழ இரண்டு வாரம், நுளம்பின் உடலுக்குள் கிருமி முற்ற இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். ஆகவே ஆறு வற்றியதற்கும் லயத்திலும் கிராமத்திலும் குளிர்காய்ச்சல் பரவியதற்கும் இடையே மூன்று வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் அன்று வீணானது. கேகாலை, குருநாகல் பக்கங்களில் தொடங்கிய கொள்ளைநோய் 1935 நடுப்பகுதிக்குள் சுமார் 80,000 உயிர்களைக் குடித்தது. ஈரவலய மக்களுக்கு மலேரியாவை எதிர்க்கும் பழக்கம் உடலில் இல்லை. வறட்சி ஏற்கெனவே உலைப்பானையைக் காலியாக்கியிருந்தது. குழந்தைகள்தான் அதிகம் போனார்கள்.

பல தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் அளவு எழுதினார்கள். இப்படிப்பட்ட பழைய மழைக் கணக்குகள் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தன. இலங்கையின் பழைய மலேரியாக் கொள்ளைநோய்களுக்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பை பௌமாவும் வான் டெர் கேயும் 1996இல் எழுதினர். மாவட்டவாரியாக மழையையும் நோய்க் கணக்கையும் ஒப்பிட்ட ஆய்வொன்றை பிரியெட் குழுவினர் 2008இல் வெளியிட்டனர்.

இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. உலர்வலயத்தில் மழை பெய்தால் காய்ச்சல் வரும். இங்கே, ஈரவலயத்தில், மழை நின்றால் வரும். இரண்டுக்கும் ஒரே சூத்திரம் போட்டால் கேகாலையில் கணக்குத் தலைகீழாகிவிடும். மழைமானி வானத்தைத்தான் அளக்கும். ஆறு எந்த இடத்தில் அறுந்தது என்று அதற்குத் தெரியாது.

நாட்டுக்குள்ளேயே சுழன்ற மலேரியாவின் கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வருபவர்கள் இருக்கிறார்கள், நுளம்பும் இருக்கிறது. மகா ஓயாவில் மணல் அள்ளிய குழிகளில் கோடையிலும் நீர் நிற்கிறது. கிரியுல்லவிலும் படல்கமவிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் வெள்ள எச்சரிக்கைக்காக ஆற்றுமட்டத்தை அளக்கிறது. அந்த அளவு கீழிறங்கும் மாதங்களிலும் மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் மேசைக்குப் போய்ச்சேர வேண்டும்.