பெயர்களும் பதிவேடுகளும்: அந்தரங்க உரிமைக்கும் தகவல் அறியும் உரிமைக்கும் இடையே இந்தியச் சட்டம் சென்ற வழி (1994–2025)

முன்னுரை

பட்டா, ஓய்வூதியம், ஒப்பந்தம், பணி நியமனம், நலத்திட்டப் பயனாளிகள் பட்டியல் என எந்த அரசுப் பதிவேட்டைப் புரட்டினாலும் பொதுப்பணம் யாரோ ஒருவரின் பெயரில்தான் கணக்கெழுதப்பட்டிருக்கும். ஆகவே, அப்பெயர்களில் எதை மக்கள் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்னும் கேள்வி தகவல் உரிமையின் உயிர்நிலையைத் தொடுகிறது. தனிமனிதரின் அந்தரங்கத்தையும் பொதுநலனையும் வழக்குக்கு வழக்கு எடைபோட்டுப் பார்த்த இந்தியச் சட்டம், 'தனிநபர் தகவல்' என்ற வகை முழுவதையும் விலக்கிவைக்கும் நிலைக்கு வந்து சேர்ந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

1994: நீதிமன்றமும் கிராமமும்

1954இல் எம்.பி. சர்மா வழக்கிலும் 1962இல் கரக் சிங் வழக்கிலும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. தெளிவான ஏற்பு தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் கிடைத்தது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தது. அதில் உயர் அதிகாரிகளுடனான தொடர்புகளும் இடம்பெற்றிருந்தன. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி 1994 அக்டோபரில் அளித்த தீர்ப்பு இரண்டு கொள்கைகளை ஒருசேர நிறுவியது. அந்தரங்கம், அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கிய உரிமை. ஆனால், நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் பதிவான செய்திகளுக்கு அது பொருந்தாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் போன்றவை இதற்கு விலக்கு. அதிகாரிகள் தம் அலுவல் கடமை பற்றிய செய்திகளில் அந்தரங்கத்தைக் கேடயமாகக் கொள்ள முடியாது என்றும் தீர்ப்பு கூறியது.

அதே ஆண்டு டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு முதல் 'ஜன் சுன்வாய்' எனும் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் மஸ்டர் ரோலில் இருந்த பெயர்கள் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. மொத்தத் தொகையை மட்டும் வாசித்திருந்தால் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பெயரே அங்கே சான்று.

2005: எடைபோடும் விதி

தமிழ்நாடு 1997இல் நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மலிந்திருந்ததால் அதன் பயன் சுருங்கியது. நாடாளுமன்றம் 2002இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாகச் செயல்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் இச்சிக்கலுக்கு நுட்பமான விடை தந்தது.

அதன் 8(1)(ஜெ) பிரிவின்படி, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையற்று நுழையும் தனிநபர் தகவலை மட்டுமே மறுக்கலாம்; அப்போதும் பெரும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்புரையும் அங்கே இருந்தது. 10ஆம் பிரிவு, மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதை வழங்க வழிசெய்தது. வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிட்டுப் பயனாளி பெயரைத் தர இதுவே போதும். தகவல் மூன்றாம் நபரைப் பற்றியதானால், அவர் கருத்தைக் கேட்கும் முறையை 11ஆம் பிரிவு வகுத்தது.

2012–2019: தீர்ப்புகளின் இழுபறி

இந்த எடைபோடல் விரைவிலேயே தளர்ந்தது. அரசு ஊழியருக்கு அளிக்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனை ஆணைகள், சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு ஆகியவை தனிநபர் தகவல் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்ற வாய்ப்பை மட்டும் விட்டுவைத்தது. ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை நிர்வாகத்துக்கும் அவருக்கும் இடையிலானது என்பது தீர்ப்பின் பார்வை. சம்பளம் தருபவர் பொதுமக்கள் என்ற கோணம் அதில் அழுத்தம் பெறவில்லை.

அதே மாதம் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான வல்லுநர் குழு, வரவிருக்கும் அந்தரங்கச் சட்டம் தகவல் உரிமையைக் குறுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென உறுதிசெய்தபோதும், அதைக் கட்டுப்படுத்தச் சட்ட அடிப்படை, நியாயமான நோக்கம், அளவுப் பொருத்தம் ஆகியவற்றைச் சோதிக்கச் சொன்னது. 2019 நவம்பரில் தலைமை நீதிபதி அலுவலகமும் தகவல் சட்டத்துக்கு உட்பட்டதே எனத் தீர்ப்பளித்த ஐவர் அமர்வும் இரு உரிமைகளையும் சீர்தூக்கும் முறையையே வலியுறுத்தியது.

2023: நீக்கப்பட்ட சொற்கள்

2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, 8(1)(ஜெ)யைத் 'தனிநபர் தகவல் தொடர்பான தகவல்' என்ற அளவுக்குச் சுருக்கியது. பொதுப்பணித் தொடர்பு, தேவையற்ற நுழைவு, சட்டமன்ற ஒப்பீடு ஆகிய மூன்று அளவுகோல்களும் போயின. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

புட்டசாமி தீர்ப்புக்கு ஏற்பவே மாற்றினோம், பொதுநலனுக்காகத் தகவல் தர 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பது அரசின் வாதம். இது இரண்டு இடங்களில் நிற்கவில்லை. முதலாவதாக, அளவுப் பொருத்தம் கேட்ட தீர்ப்பை மொத்த விலக்குக்கு ஆதாரமாக்க முடியாது. இரண்டாவதாக, 8(2) பிரிவு 'தரலாம்' என்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் மிகுதி என்று நிறுவும் சுமை நடைமுறையில் மனுதாரர் தலையில் விழுகிறது. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு உறுதியளித்த அதே சட்டத்தில் இப்படி நேர்ந்திருக்கிறது. காரணமின்றி மறுக்கும் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுப்புக்குச் சட்டமே காரணம் தந்துவிட்டதால், அந்த அச்சமும் இனி மங்கும்.

முடிவுரை

1994இன் தீர்ப்பு அந்தரங்கத்தை ஏற்ற அதே மூச்சில் பொது ஆவணத்துக்கு அதன் எல்லையையும் வகுத்தது. 2023இன் திருத்தம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டது. குடிமக்களின் ஆதார் எண், மருத்துவக் குறிப்பு, வங்கி விவரம் ஆகியவற்றைக் காக்க 2005இன் சட்டமே போதிய கருவிகளை வைத்திருந்தது. பழைய வாசகத்தை நாடாளுமன்றம் மீட்க வேண்டும். அதுவரை, 8(2), 10 ஆகிய பிரிவுகளைத் தகவல் ஆணையங்கள் தயங்காமல் பயன்படுத்துவதைப் பொறுத்தே இச்சட்டத்தின் எஞ்சிய வலிமை அமையும்.