அணுக்கருக் காமா நிறமாலையியல்

கிளர்ந்த அணுக்கரு தன்னிடமுள்ள மிகை ஆற்றலைக் காமாக் கதிர்களாக வெளிவிடும். அக்கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து அளந்து, கருவின் உள்ளமைப்பை அறியும் துறை இது. ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் மூலக்கூறுகளுக்குச் செய்ததும் இதே வகைப்பட்ட வேலைதான். ராமனின் ஒளித்துகளுக்கு ஆற்றல் இரண்டு மூன்று எலெக்ட்ரான் வோல்ட். காமாவுக்கு அது பெரும்பாலும் லட்சக்கணக்கில் இருக்கும்.

1900-இல் பாரிசில் பால் வில்லார் ரேடியத்திலிருந்து வரும் ஊடுருவும் கதிரைக் கண்டார். 1903-இல் ரூதர்ஃபோர்டு அதற்குக் காமா என்று பெயரிட்டார். 1914-இல் அவரும் ஆண்ட்ரேடும் படிகத்தின் துணையால் அதன் அலைநீளத்தை அளந்தனர். அதன்பின் துறை பெரிதாக நகர்ந்தது 1948-இல், ராபர்ட் ஹாஃப்ஸ்டாடர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தை உணர்கருவியாக்கியபோதுதான். 1960-களின் தொடக்கத்தில் லித்தியம் ஊட்டிய ஜெர்மானியம் வந்தது. பின்னர் தூய ஜெர்மானியம்.

இத்துறையின் வரலாறு கோட்பாடுகளைவிட உணர்கருவிகளின் வரலாறே எனலாம். கோபால்ட்-60 சிதைந்து நிக்கல்-60 ஆகும்போது, அந்த நிக்கல் கரு பெரும்பாலும் 2506 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் மட்டத்தில் பிறக்கிறது. அங்கிருந்து 1173, 1332 என இரண்டு படிகளில் இறங்கித் தரைநிலையை அடைகிறது. சோடியம் அயோடைடு இவ்விரண்டையும் அடிவாரம் ஒட்டிய இரு மேடுகளாகவே காட்டும். திரவ நைட்ரஜனில் குளிர்ந்த ஜெர்மானியமோ ஏறத்தாழ இரண்டு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள ஊசிகளாகப் பிரித்துவிடும். முன்பு ஒரே மேடாகத் தெரிந்த இடங்களில் பல கோடுகள் இருப்பது அப்போதுதான் புலப்பட்டது.

இத்தகைய கோடுகளைப் பார்க்க முடுக்கி தேவையில்லை. ஜெர்மானிய உணர்கருவி ஒன்றைத் திருச்சி மலைக்கோட்டைப் பாறையடியில் சில மணி நேரம் வைத்தால், எந்தப் பாறையிலும் போலவே, பொட்டாசியம்-40 தரும் 1461 கோடு எழும். 2614-இல் இன்னொரு கோடு தெரியும். தோரியத் தொடரின் கடைசியில் தாலியம்-208 சிதைந்து காரீயம்-208 ஆகும்போது வரும் கதிர் அது. காரீயம்-208-இல் புரோட்டான் 82, நியூட்ரான் 126. இவ்விரு எண்ணிக்கைகளிலும் கருத்துகள்களின் ஆற்றல் அடுக்குகளான ஓடுகள் முழுமையாக நிரம்பியிருக்கும். அதனால் அக்கருவைக் கிளர்த்துவது கடினம். அதன் முதல் கிளர்நிலையே 2614-இல்தான் இருக்கிறது. இரண்டு நியூட்ரான் குறைந்த காரீயம்-206-க்கு அது 803-தான். 1949-இல் மரியா கோப்பர்ட் மேயரும் யென்சன் குழுவினரும் முன்வைத்த ஓட்டு மாதிரி இந்த வேறுபாட்டை விளக்கியது. ஓடு நிரம்பாத கருக்கள் நீண்டு உருமாறிச் சுழலும் என்பதை ஆகே போரும் மோட்டல்சனும் காட்டினர். 1986-இல் பிரிட்டனின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில், நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கான டிஸ்ப்ரோசியம்-152 சுழல்வது, சம இடைவெளியில் அமைந்த காமாக் கோடுகளால் தெரியவந்தது.

இந்தியப் பெயர்களில் இருவரைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த எஸ். ராமன் (சி. வி. ராமன் வேறு), புரோட்டான், நியூட்ரான் இரண்டும் இரட்டைப்படையாக உள்ள கருக்கள் தரைநிலையிலிருந்து முதல் கிளர்நிலைக்கு ஏறும் வாய்ப்பை உலகெங்கும் வெளியான அளவீடுகளிலிருந்து சலித்தெடுத்து, சக ஆய்வாளர்களுடன் 1987-இலும் 2001-இலும் அட்டவணைகளாக வெளியிட்டார். ஒரு கரு எவ்வளவு உருமாறியது என்று அறிய இன்றும் முதலில் புரட்டப்படுபவற்றுள் அவை அடங்கும். அட்டவணைக்குப் பரிசு கிடைப்பது அரிது. ஆனால் நூறு ஆய்வுக்கட்டுரைகளைவிட அதுவே அதிகம் உழைக்கிறது.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர். எஸ். ராகவன் காமாக் கதிர்களின் கோணத் தொடர்பை ஆராய்ந்தவர். சூரிய நியூட்ரினோ இண்டியம்-115-இல் மோதினால் அது கிளர்ந்த வெள்ளீயம்-115 ஆகும்; சில மைக்ரோவினாடிகள் கழித்து அது 116, 497 என இரு படிகளில் இறங்கும். நியூட்ரினோ வந்துபோனதற்கு இந்தத் தாமதமே அடையாளமாகும் என 1976-இல் அவர் முன்மொழிந்தார்.

இந்தியாவில் இப்பணியின் மையம் இந்திய தேசியக் காமா அணிவரிசை. ஒவ்வொன்றிலும் நான்கு ஜெர்மானியப் படிகங்கள் கொண்ட ‘க்ளோவர்’ உணர்கருவிகளால் ஆனது அது. மும்பை, தில்லி, கொல்கத்தா முடுக்கிகளில் அது முறைவைத்து நிறுவப்படுகிறது. திருச்சியிலிருந்து இத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர் அங்கே கற்றை நேரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.